ரீடரை மூடுகிறார்கள்

மார்ச் 4

டாக்டரம்மாவுக்கு,

நேற்று போனில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குக்கர் கத்திற்று, நீ போய்விட்டாய். அப்புறம் மகள் வந்தாள், அவளுக்கு என்னிடம் பேச ஒன்றும் இல்லை, எனக்கும் அவளிடம் "சாப்டியா?" தவிர ஒன்றும் வரவில்லை. அதனால் மெயிலில் எழுதுகிறேன். உட்கார்ந்து உனக்குக் கடிதம் என்று எழுதி எத்தனையோ காலம் ஆயிற்று. கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டால் உனக்குச் சுள்ளென்று கோபம் வரும், அது மட்டும் மறக்கவில்லை.

விஷயம் இதுதான். நம் ரீடரை மூடப் போகிறார்கள். ஏப்ரல் கடைசியோடு சரி என்று மெயில் வந்திருக்கிறது. "இத்தனை ஆண்டுகள் எங்களோடு பயணித்ததற்கு நன்றி" என்று ஒரு வரி வேறு. பயணித்தோமாம். நான் இந்த அறையில் மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்தேன், அவ்வளவுதான்.

உனக்கு இது பெரிய விஷயமாகப் படாமல் இருக்கலாம். எனக்கு அப்படி இல்லை. பிடித்த இணையதளங்களில் வருவதையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டும், அது எல்லா ரீடரும் செய்வதுதான். ஆனால் நம்முடையது ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் படித்து, உனக்கென்று தோன்றினால் நட்சத்திரம் போடுவேன். நீ கடையில் ஆள் இல்லாதபோது பார்த்துவிட்டு நட்சத்திரத்தை எடுப்பாய். எடுத்தால் படித்தாகிவிட்டது. நீ எனக்குப் போடுவதும் அப்படித்தான். போன லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பிய வாரம் குறட்டையைப் பற்றி நான்கு கட்டுரைக்கு நட்சத்திரம் போட்டிருந்தாயே, விமானத்தில் வாங்கிய ஜலதோஷம் அது என்று எத்தனை தடவை சொல்வது?

வேறு ரீடர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீழ்க் கட்டில்காரன் கம்ப்யூட்டர் தெரிந்தவன், நிறையச் சொல்கிறான். விவரமாக எழுதுகிறேன்.

உன்
ஐஸ்காரன்


மார்ச் 9

ஐஸ்காரருக்கு,

மெயிலை நானும் பார்த்தேன். முழுதாகப் படிக்கவில்லை. எதையும் முழுதாகப் படிக்கிற தெம்பு இப்போது இல்லை. காலையிலிருந்து "மேல் வரிசை படிங்க, அடுத்தது படிங்க, இப்ப தெளிவா இருக்கா, முன்ன தெளிவா இருந்ததா" என்று கேட்டுக் கேட்டு, வீட்டில் சாதம் பரிமாறும்போதும் மகளிடம் "இது போதுமா, முன்ன வச்சது போதுமா?" என்கிறேனாம். அவள் சிரிக்கிறாள். இன்று ஒரு பெரியவர் பலகையில் இருந்த எழுத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து ஒப்பித்தார். லைசென்ஸ் போய்விடும் என்று பயம் அவருக்கு. வேறு பலகையை மாட்டினேன், முகம் தொங்கிப்போயிற்று. எனக்கும்தான்.

நீங்கள் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. போன வாரம் போனில் "ரின்யூவல் படிவம் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, கீழ்க் கட்டில்காரர் சமையலில் என்ன கருக்கினார் என்று கதை மாற்றினீர்கள். நான் மறக்கவில்லை. கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருஷம் வெளிநாடுதான். மகள் அதற்குள் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு எங்கேயாவது படிக்கப் போய்விடுவாள். அதன்பிறகு நீங்கள் வந்து இறங்கினால் வீட்டில் நான் ஒருத்திதான் இருப்பேன், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

போடப் போகிறீர்களா, வரப் போகிறீர்களா? எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். ரீடர் எதுவானாலும் சரி.

இப்படிக்கு,
டாக்டர் இல்லாதவள்


மார்ச் 15

டாக்டரம்மாவுக்கு,

ஒப்பந்தத்தைப் பற்றி யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஏப்ரல் பதினைந்து வரை நேரம் கொடுத்திருக்கிறார் சூப்பர்வைசர். அவசரப்பட்டு ஒன்றும் செய்ய வேண்டாமே.

ரீடர் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் பார்த்தது, இளசுகள் எல்லாம் வைத்திருக்கிறது. நாம் எதைச் சேர்த்தாலும் அது தன்பாட்டுக்குப் பொறுக்கி, நமக்கு எது பிடிக்கும் என்று அதுவே முடிவு பண்ணி மேலே வைக்கும். எனக்கு மூன்று நாளாக யானைப் படமாகக் காட்டுகிறது. ஒரு தடவை தெரியாமல் விரல் பட்டுவிட்டது, அதற்குத் தண்டனை.

இரண்டாவது, நாமே சொந்தமாக நடத்துவது. ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்து அதில் ஏற்றிக்கொண்டால் யாரும் மூடிவிட்டுப் போக முடியாது. கீழ்க் கட்டில்காரன் இதற்காகக் காலில் விழாத குறை. ஆனால் அது அடிக்கடி படுத்துக்கொள்ளும், அப்டேட் பண்ண வேண்டும், யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்க் கிடங்கில் கம்ப்ரஸரைக் கவனித்துவிட்டு அறைக்கு வந்து அதையும் கவனிக்க என்னால் ஆகுமா தெரியவில்லை. மைனஸ் இருபதில் நாலு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் விரலில் உணர்ச்சி திரும்பவே சாப்பாட்டு நேரம் ஆகிவிடுகிறது. முன்பெல்லாம் இப்படி இல்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. கட்டணம் உண்டு. ஆனால் இரண்டு பேருக்கு இரண்டு லாகின் தருகிறார்கள். யார் நட்சத்திரம் போட்டது என்று பெயரோடு காட்டும். பக்கத்தில் சின்னதாகக் குறிப்புக்கூட எழுதலாம். அதையே எடுத்துவிடலாமா?

முதலில் இலவசமாகப் போட்டுப் பார்ப்போம் என்று நம் பட்டியலை இறக்கி அதில் ஏற்றினேன். நூறு தளத்துக்கு மேல் இலவசத்தில் ஏற்காது என்றது. நம்மிடம் அதைவிட அதிகம். செத்துப்போன வலைப்பூக்களைத் தூக்கினேன். அப்புறம் "மற்றவை" என்று ஒரு ஃபோல்டர் இருந்ததே, படிக்காமல் ஆயிரக்கணக்கில் மலையாகக் கிடந்தது, எல்லாம் வேலை வாய்ப்பு விளம்பரம், அதையும் தூக்கிவிட்டேன். உன் தம்பிக்காகத்தானே போட்டிருந்தாய்? அவன் எந்த வேலையிலும் மூன்று மாதம் தங்க மாட்டான், அவனுக்காக நாம் எதற்கு இடத்தை அடைத்து வைக்க வேண்டும்?

மகள் பரீட்சை எப்படி எழுதுகிறாள்? கேட்டால் "ம்" என்கிறாள்.

உன்
ஐஸ்காரன்


மார்ச் 17

உங்களுக்கு,

"மற்றவை" என் தம்பிக்கு இல்லை.

என் தம்பிக்கு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுக்கத் தெரியும். அதற்கு மேல் குளிர்பதனம் தெரியாது. அந்த ஃபோல்டரில் இருந்தவை எல்லாம் எவை என்று ஒரு தடவையாவது திறந்து பார்த்திருந்தால் உங்களுக்கே விளங்கியிருக்கும். நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விட்டு வருகிற தூரத்தில் இருக்கும் குளிர்க் கிடங்குகள். பால் குளிரூட்டும் நிலையம். பெரிய ஆஸ்பத்திரியின் ஏசி பிளாண்ட். மருந்துக் கம்பெனி. ஒவ்வொன்றும் ஆள் தேவை என்று போடுகிற பக்கத்தைத் தேடித் தேடிச் சேர்த்தேன். கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் ஐஸ் ஃபேக்டரி மேனேஜர் என்று தெரிந்ததும் லென்ஸ் அளந்துகொண்டே அவர் கம்பெனி வெப்சைட் எது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"வந்துடுங்க" என்று வாயால் கேட்க எனக்குக் கூச்சம். நீங்கள் போன காரணம் எனக்குத் தெரியும், நான்தான் போகச் சொன்னேன். நானே எப்படித் திரும்பி வாருங்கள் என்பது? அதனால் நமக்குப் பழக்கமான வழியில் போட்டு வைத்தேன். நாம் எல்லாவற்றையும் அப்படித்தானே பேசிக்கொள்கிறோம்.

ஒரு தடவை நட்சத்திரமும் போட்டேன். பால் நிலையத்தில் சீனியர் மெக்கானிக் வேண்டும் என்று வந்தது. உங்களுக்கென்றே எழுதின மாதிரி இருந்தது. கடையில் எனக்குக் கை ஓடவில்லை, வலது கண்ணுக்குப் போட வேண்டிய லென்ஸை இடது கண்ணில் மாட்டினேன். மறுநாள் பார்த்தால் நட்சத்திரம் இல்லை. படித்துவிட்டீர்கள். போனில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வர விருப்பமில்லை, அதைச் சொல்ல மனசில்லாமல் பேசாமல் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நட்சத்திரம் போடவில்லை. ஃபோல்டரை எடுக்கவும் கை வரவில்லை, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தது.

இப்போது நீங்களே எடுத்துவிட்டீர்கள். இடமாவது மிச்சம்.


மார்ச் 18

டாக்டரம்மா,

இன்று மூன்று தடவை போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் இந்த அறையில் மூன்று பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும்போது என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை.

அந்த நட்சத்திரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படித்தேன். தம்பிக்குச் சொல்லச் சொல்லி எனக்குப் போட்டிருக்கிறாய் என்று நினைத்து அன்றைக்கே அவனுக்குப் போன் பண்ணினேன். "அத்தான், எனக்குச் சளி பிடிச்சுக்கும்" என்றான். சிரித்தேன், நட்சத்திரத்தை எடுத்தேன். சொன்ன வேலை முடிந்தது என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நடந்தது. சந்தேகமிருந்தால் உன் தம்பியைக் கேள்.

எனக்கென்று தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று இன்று முழுக்க யோசித்தேன். நீ என்னை அங்கே எதிர்பார்க்கிறாய் என்ற நினைப்பே எனக்கு விட்டுப்போயிருக்கிறது. போன லீவில் டீ போடலாம் என்று போனால் கரண்டி எந்த இழுப்பறையில் என்று தெரியவில்லை. மகள் எழுந்து வந்து, "இருங்கப்பா, நான் எடுத்துத் தரேன்" என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகத்தான் சொன்னாள். அது என்னவோ செய்துவிட்டது எனக்கு. உன்னிடம் சொல்லவில்லை.

நீயாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.


மார்ச் 24

ஐஸ்காரருக்கு,

தம்பியைக் கேட்டேன். "ஆமாக்கா, அத்தான் கேட்டாரு, நான் அப்பவே உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன், மறந்துட்டேன்" என்றான். அவனை என்ன செய்வது? அடிக்கிற வயதைத் தாண்டிவிட்டான்.

வாயைத் திறந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். வந்துவிடுங்கள்.

எழுதிவிட்டேன். இதற்குப் போய் இத்தனை வருஷம் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று சொல்லக் கூடாது. நீங்கள் வந்தால் எல்லாம் இனிக்கும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கும் தனியாக இருந்து பழகிவிட்டது. கட்டிலின் நடுவில் படுக்கிறேன். டிவி சத்தம் ஆகாது. மகளும் நானும் பேசிக்கொள்ளாமலே ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொள்ளாமல் சமையலறையில் நடக்கிறோம், நடுவில் நீங்கள் வந்து நின்றால் முதல் மாதம் எரிச்சல் வரும். உங்கள் அக்கா வேறு வாராவாரம் வர ஆரம்பித்துவிடுவார். எனக்கு எது பிடிக்கும் என்று தானே முடிவு பண்ணுகிற ரீடர் ஒன்று சொன்னீர்களே, அதை வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். அந்த வேலைக்கு உங்கள் அக்கா ஒருத்தி போதும்.

களைப்பாக இருக்கிறது. கால் வலி இல்லை, தூக்கம் போதாததும் இல்லை. எல்லாவற்றுக்கும் நானே பதில் சொல்கிற களைப்பு. சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே வந்தால் "வந்துட்டியா?" என்று ஒரு குரல் கேட்டால் போதும். சண்டை போடக்கூட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கரண்டி அடுப்புக்கு வலது பக்கம் இரண்டாவது இழுப்பறை.


ஏப்ரல் 3

டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் குளிர் அறைக்குப் போட்டுக்கொண்டு போகிற கோட்டுப் பையில் வைத்த போனில் மறுபடி மறுபடி படித்தேன். போன் குளிரில் அணைந்துபோயிற்று, சூடு பண்ணிப் படித்தேன்.

பழைய ரீடருக்குள் போய் "மற்றவை"யைத் திறந்தேன். அங்கே இன்னும் அப்படியே இருக்கிறது, நான் தூக்கியது புதியதில்தான். கீழிருந்து மேலாகப் படித்தேன். முக்கால்வாசி முடிந்துபோன வேலைகள். எனக்கு வரவேண்டியவை எத்தனை வந்து எத்தனை போயிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். திறந்திருந்த இரண்டுக்கு விண்ணப்பம் போட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்ட பையன் என் அனுபவத்தைப் பார்த்துவிட்டு, "சார், எங்க பிளாண்ட் ரொம்பச் சின்னது, உங்களுக்குப் போரடிக்குமே" என்றான். போரடித்தால் பரவாயில்லை தம்பி என்றேன். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை.

பயமாக இருக்கிறது. இங்கே ராட்சத மெஷின்கள் நான் சொன்னால் கேட்கும். அங்கே வந்து வேலையில்லாமல் உன் வீட்டில் உட்கார்ந்து, நீ கடைக்குப் போவதை ஜன்னலில் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. "உன் வீடு" என்று எழுதிவிட்டேன் பார், அழித்துவிட்டு மாற்றலாம் என்று நினைத்தேன், இருக்கட்டும்.

கீழ்க் கட்டில்காரனிடம் கேட்டேன். "ஒரு கையில் பிடி கிடைச்ச பிறகு இன்னொரு கையை விடுங்க அண்ணே" என்கிறான். சரியாகத்தான் சொல்கிறான் என்று படுகிறது.

இதற்கிடையில் அந்த இரண்டு லாகின் ரீடர்காரன் ஆண்டுக்கட்டணத்தில் தள்ளுபடி போட்டிருக்கிறான். இந்த வாரம்தான் கடைசி. எடுத்துவிடட்டுமா?


ஏப்ரல் 6

உங்களுக்கு,

எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் மறுபடி ரீடருக்கே போய் நிற்கிறீர்கள். நீங்கள் ஒருவர்தான் இப்படிச் செய்ய முடியும்.

எதையும் எடுக்க வேண்டாம். முதலில் படிவம். அதற்குப் பிறகு ரீடர்.


ஏப்ரல் 15

டாக்டரம்மாவுக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு இல்லை. ஒரு வருஷத்துக்கு. அப்படி ஒரு வழக்கமே இல்லை என்றார் சூப்பர்வைசர். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. என் இடத்துக்கு வருகிறவனுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன். மேலே பேசிவிட்டு வந்து "மூணு" என்பதை அடித்து "ஒண்ணு" என்று எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வருஷத்துக்குள் அங்கே ஏதாவது ஒன்றைப் பிடித்துவிடுவேன். பிடிக்காவிட்டாலும் வந்துவிடுவேன்.

நீ கேட்டது இது இல்லை என்று தெரியும். என் தைரியத்துக்கு எட்டியது இவ்வளவுதான்.

புதிய ரீடருக்குப் பணம் கட்டவில்லை. நீ சொல்லாமல் கட்ட மாட்டேன். ஆனால் ஏப்ரல் முடியப்போகிறது. இந்த ஒரு வருஷமாவது நமக்கு நடுவில் ஏதாவது இருக்க வேண்டாமா?

உன்
ஐஸ்காரன்


ஏப்ரல் 21

ஐஸ்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. கடையில் மட்டும் பேசினேன், அதற்குச் சம்பளம் தருகிறார்கள். கோபம்தான். இன்னும் ஒரு வருஷம் கட்டிலின் நடுவில்தான் படுக்க வேண்டும். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினீர்களே, அந்த இடத்தை மட்டும் மறுபடி படித்தேன். எனக்காக எங்கேயாவது போய் நீங்கள் அடம்பிடித்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ரீடரை நானே எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னது இல்லை. சாதாரணமானது, பார்க்கவும் அழகில்லை. வருகிறதை வந்த வரிசையில் காட்டும், வேறு ஒன்றும் செய்யாது. ஒருவருக்கு மட்டும்தான். கடவுச்சொல்லை உங்களுக்கு அனுப்பப் போவதில்லை.

பழிவாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். நமக்கு நடுவில் ஏதாவது இருக்க வேண்டாமா என்று கேட்டீர்கள். நடுவில் அது இருந்ததால்தான் நான் ஒன்றைச் சொல்ல, நீங்கள் அதை என் தம்பிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். இந்த ஆறு வாரத்தில் நீங்கள் எனக்கு எழுதியதைப் போல அதில் எந்தக் கட்டுரையும் இருந்ததில்லை. விரலில் உணர்ச்சி இல்லை என்பதை எனக்கு எந்த நட்சத்திரம் சொல்லியிருக்கும்? இனி சொல்ல வேண்டியது இருந்தால் எழுதுங்கள். நானும் எழுதுகிறேன். கட்டுரை படிக்க ஆசையாக இருந்தால் அங்கே உங்களுக்கென்று ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள், யானை காட்டுகிறதையே வைத்துக்கொண்டாலும் சரி.

"மற்றவை"யை மட்டும் புதியதில் சேர்த்திருக்கிறேன். பேரை மாற்றிவிட்டேன், "அவருக்கு" என்று. தினமும் நானே பார்த்துவிட்டு, சரிப்படுவதை உங்களுக்கு எழுதி அனுப்புகிறேன். உங்களுக்கு, உங்களுக்கேதான், என்று தலைப்பில் போட்டு அனுப்புகிறேன்.

பணம் கட்டும்போது மகள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா ஒருத்தருக்கு மட்டும் எடுத்திருக்க? அப்பா எப்படிப் பார்ப்பாரு?" என்றாள். "அப்பா இங்க வந்து பக்கத்துல உக்காந்து பாத்துக்குவார்" என்று சொல்லிவிட்டேன். அவள் அதற்கு "ம்" என்று சொல்லவில்லை. "எப்போ?" என்று கேட்டாள். அடுத்த ஏப்ரல் என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய் சொன்னவளாக ஆக்கிவிடாதீர்கள்.